எத்தனை மாத எலி?

பிரண்டை எலும்புக்கு நல்லது என்று சொல்லும் எந்தக் கட்டுரையும் இரண்டாவது பத்திக்குள் ஆய்வகத்துக்குப் போய்விடும். 'எலிகளில் நடத்திய ஆய்வில் உறுதியாகியிருக்கிறது' என்று ஒரு வரி வரும். படிப்பவர் அதோடு நிறைவடைந்து துவையலுக்குப் புளி ஊறவைக்கப் போய்விடுவார். அந்த வரிக்குப் பின்னால் உண்மையிலேயே ஆய்வுகள் இருக்கின்றன. 2003-ல் மணிப்பாலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரண்டையிலிருந்து எத்தனாலில் பிரித்தெடுத்த சாற்றைப் பெண் எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் எலும்பைச் சோதித்து, சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் தவறு காண்பது இங்கே நோக்கமல்ல. ஆனால் அவை வயதாகி எலும்பு மெலிந்த எலிகள் அல்ல. அறுவை சிகிச்சையில் சினைப்பைகள் அகற்றப்பட்ட எலிகள். பிரண்டைக்கு மட்டும் இது நேரவில்லை. நாட்டு மூலிகை முதல் பன்னாட்டு நிறுவனங்களின் ஊசி மருந்துவரை, எலும்பு மெலிவு குறித்த சோதனைகளில் பெரும்பகுதி இத்தகைய எலிகளின் மேல்தான் நிற்கிறது. முதுமை எலும்பை என்ன செய்கிறது என்று அறிய வேண்டுமானால், முதுமை அடைந்த விலங்கைத்தான் பார்க்க வேண்டும். சொல்லவே தேவையில்லாத செய்தியாகத் தோன்றும் இதை அழுத்திச் சொல்ல வேண்டிய நிலையில்தான் இந்தத் துறை இன்னும் இருக்கிறது.

சினைப்பை அகற்றிய எலி இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கு நல்ல காரணங்கள் உண்டு. மூன்று மாத அல்லது ஆறு மாதப் பெண் எலியை எடுத்துக்கொண்டு, முதுகுப் பக்கம் சிறு கீறலிட்டு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். ஈஸ்ட்ரோஜன் சட்டென்று சரிகிறது. முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் தலைப்பகுதியில் உள்ள பஞ்செலும்பு 14 நாட்களிலேயே கண்கூடாகக் குறையத் தொடங்கும். தொடை எலும்பின் கழுத்தில் ஏறத்தாழ 30 நாட்களிலும், இடுப்பு முதுகெலும்பில் 60 நாட்களிலும் அதே மாற்றம் தெரியும். ஒரே வயது, ஒரே எடை, ஒரே நாளில் தொடங்கிய இழப்பு. புள்ளியியலுக்கு இதைவிட வசதி வேறில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1979-ல் எலும்பு மெலிவு மருந்துகளுக்கான வழிகாட்டு நெறிகளை முதன்முதலாக வகுத்தது. 1994-ல் அதைத் திருத்தியபோது, சினைப்பை அகற்றிய எலியிலும் அதைவிடப் பெரிய இன்னொரு விலங்கிலும் சோதித்துவிட்டு வாருங்கள் என்று மருந்து நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த எலி ஒரு கருதுகோள் என்ற நிலையிலிருந்து நடைமுறை என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டது. நடைமுறையாகிவிட்ட எதையும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த எலி எதைக் காட்டுகிறது என்பதில் குழப்பம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் திடீரென்று இல்லாமல்போனால் எலும்பைக் கரைக்கும் செல்கள் எப்படிக் கட்டவிழ்கின்றன என்பதை அது நேர்த்தியாகக் காட்டுகிறது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் பெண்களுக்கு நேரும் வேகமான இழப்பை அது ஒத்திருக்கிறது. இன்னும் கச்சிதமாக அது ஒத்திருப்பது, கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்ட இளம்வயதுப் பெண்ணை. நம் நாட்டில் அப்படிப்பட்ட பெண்கள் குறைவில்லை. அவர்களைப் பொறுத்தவரை இந்தச் சோதனை விலங்கைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருபவர் பெரும்பாலும் எழுபது, எண்பது வயதுக்காரர். மாதவிடாய் நின்று கால் நூற்றாண்டு ஆனவர், அல்லது மாதவிடாயே இல்லாத ஆண். அவர் உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைவு ஒரு காரணம் மட்டுமே. சிறுநீரகம் தளர்ந்திருக்கும், தசை வற்றியிருக்கும், குடல் கால்சியத்தை முன்போல் உறிஞ்சாது, எலும்பைக் கட்டும் செல்களே எண்ணிக்கையில் குறைந்திருக்கும். அந்த முதியவரின் இடத்தில் ஆறு மாத எலியை நிறுத்துவது எத்தகையது? எலியின் ஆறு மாதத்தை மனிதரின் 18 வயதுக்கு ஒப்பிடுவது வழக்கம். புது வீட்டின் ஒரு தூணைப் பெயர்த்துவிட்டு, பழைய வீடுகள் இப்படித்தான் சரிகின்றன என்று பாடம் நடத்துவது போன்றது அது.

இயல்பாக வயதாகும் எலியின் எலும்பில் நடப்பது வேறு கதை, சுவையான கதையும்கூட. ஆய்வக எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். ஆறு முதல் எட்டு வாரத்தில் அது பருவமடைகிறது. ஆனால் எலும்பு அதோடு வளர்ந்து முடிவதில்லை. மனிதருக்கு 20 வயதை ஒட்டி, எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு மூடி எலும்போடு எலும்பாகிவிடும். எலிக்கு அது முழுமையாக மூடுவதே இல்லை எனலாம். பெண் எலிகளில் ஓராண்டை ஒட்டி நெடுவளர்ச்சி ஏறத்தாழ நின்றுபோகும். ஆண் எலிகளில் இன்னும் சில மாதம் நீளும். எலும்பின் அளவு உச்சம் தொடுவது ஏறத்தாழ பத்து மாதத்தில். ஆகவே மூன்று மாத எலியிடம் ஒரு மருந்து எலும்பைக் கூட்டியது என்றால், இழப்பைத் தடுத்ததா, வளர்ச்சியைத் தூண்டியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். வளரும் பிள்ளைக்குச் சத்துமாவு கொடுத்துவிட்டு, பாட்டியின் எலும்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆறு மாத எலியின் கால் எலும்பையும் இரண்டு வயது கடந்த எலியின் கால் எலும்பையும் மைக்ரோ சி.டி. ஸ்கேனில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இளம் எலியில் வளர்ச்சித் தட்டுக்குக் கீழே நெருக்கமான வலைப்பின்னல். மெல்லிய கம்பிகளும் தகடுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். முதிய எலியில் அந்த இடம் ஏறத்தாழ வெறும் கூடு. தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில குட்டைத் துண்டுகள், நடுவே தனித்து நிற்கும் ஓரிரு கம்பிகள், மற்றதெல்லாம் மஜ்ஜை. அந்த மஜ்ஜையிலும் கொழுப்பு கூடியிருக்கும். ஆனால் அதே எலியின் முதுகெலும்பைப் பார்த்தால் வலைப்பின்னல் இன்னும் கணிசமாக மிஞ்சியிருக்கும். எந்த எலும்பைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எலிக்கு எலும்பு மெலிவு இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இழப்பு உடல் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. எடையைத் தாங்கும் இடம், மஜ்ஜையின் தன்மை, வளர்ச்சித் தட்டின் அருகாமை என்று பலவும் அதைத் தீர்மானிக்கின்றன.

வெளிச்சுவரின் கதை இன்னும் நுட்பமானது. வயது ஏற ஏற எலும்பின் உட்புறம் அரிக்கப்பட்டு மஜ்ஜைக் குழி அகலமாகிறது. அதேவேளை வெளிப்புறத்தில் புதிய எலும்பு மெல்லப் படிந்து சுற்றளவு பெருகுகிறது. உள்ளே இழந்ததை வெளியே ஈடுகட்டும் ஏற்பாடு இது. அகன்ற குழாய் வளைவதற்கு எளிதில் இடம் கொடுக்காது என்பதால், எலும்புப் பொருள் குறைந்தாலும் வலு ஓரளவு காக்கப்படுகிறது. மனித எலும்பிலும் இதே ஈடுகட்டல் நடக்கிறது. இதனால்தான் முழுத் தொடை எலும்பின் அடர்த்தியை ஒரே எண்ணாக அளந்தால், முதிய எலியில் மாற்றம் சிறிதாகவே தெரியும். உள்ளே பஞ்செலும்பு காலியாகிக்கொண்டிருப்பதை அந்த எண் மறைத்துவிடும். அடர்த்தி எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மனிதர்களிடமே கசப்பான சான்று உண்டு. எலும்பு மெலிந்த பெண்களுக்குச் சோடியம் ஃபுளோரைடு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1990-ல் வெளியானது. நான்கு ஆண்டுகளில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முதுகெலும்பு அல்லாத பிற எலும்புகளில் முறிவும் கூடியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீர் குடித்து எலும்பு இறுகி முடங்கியவர்களைப் பார்த்த மருத்துவர்களுக்கு, கெட்டியான எலும்பு வேறு, நல்ல எலும்பு வேறு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதுமையின் இழப்பும் ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் வரும் இழப்பும் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்பதற்குச் சான்றுகள் குவிந்துவருகின்றன. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டாவ்ரோஸ் மனோலகாஸ் 2010-ல் எழுதிய விரிவான கட்டுரையில், ஈஸ்ட்ரோஜனை நடுநாயகமாக வைத்த பார்வையிலிருந்து முதுமையையும் ஆக்சிஜனேற்றச் சிதைவையும் நடுவில் வைக்கும் பார்வைக்கு நகர வேண்டும் என்று வாதிட்டார். அதே 2010-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, பெண்கள் இழக்கும் எலும்பில் பெரும்பகுதி 65 வயதுக்குப் பிறகே போகிறது என்றும், அது பஞ்செலும்பிலிருந்து அல்ல, கெட்டியான வெளிச்சுவரில் விழும் நுண்துளைகளால் போகிறது என்றும் காட்டியது. இங்கேதான் சினைப்பை அகற்றிய இளம் எலி நம்மைக் கைவிடுகிறது. மனித எலும்பின் கெட்டிச் சுவர் உள்ளுக்குள்ளேயே ஓயாமல் அரித்துக் கட்டப்படும்; இளம் எலிக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்றே சொல்லலாம். இல்லாத ஒன்றில் ஏற்படும் கோளாறை அதனிடம் தேட முடியாது. ஆனால் 2017-ல் மனோலகாஸின் நிறுவனத்திலிருந்தே வந்த சுண்டெலி ஆய்வு ஒன்று, இளமையில் இல்லாத இந்தச் சுவர் அரிப்பும் துளைகளும் முதுமையில் புதிதாக முளைக்கின்றன என்று கண்டது. சினைப்பையை எடுத்து இதை வரவழைக்க முடியாது. காலம் போக வேண்டும்.

மருந்து உலகத்திலிருந்து இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எலியின் வயது எவ்வளவு முக்கியம் என்பது இன்னும் தெளிவாகும். முதலாவது, டெரிபாராடைடு. பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டு. எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகளே இருந்த காலத்தில், புது எலும்பைக் கட்டுவதாக வந்தது. மனிதர்களிடம் பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோது, இன்னொரு பக்கம் ஃபிஷர் 344 என்ற எலி இனத்துக்கு அதே மருந்தைத் தினமும் ஊசியாகப் போட்டுப் புற்றுநோய் அபாயத்தைச் சோதித்தார்கள். ஆறேழு வார வயதில், அதாவது கிடுகிடுவென்று வளரும் பருவத்தில் தொடங்கிய ஊசி, இரண்டு ஆண்டுகள், ஏறத்தாழ ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. எலிகளுக்கு எலும்புப் புற்று வந்தது. மருந்தின் அளவு கூடக் கூட அது கூடியது. 1998 டிசம்பரில் மனிதப் பரிசோதனைகள் நடுவிலேயே நிறுத்தப்பட்டன. அதுவரை சேர்ந்த தரவுகளோ மருந்து முதுகெலும்பு முறிவை 65 சதவீதம் குறைத்ததைக் காட்டின. 2002-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது, எலும்புப் புற்று குறித்த கடும் எச்சரிக்கையைப் பெட்டி கட்டி அச்சிடச் சொன்னது. வாழ்நாளில் இரண்டு ஆண்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற வரம்பும் வந்தது.

அதே எலி இனத்தில் 2004-ல் வெளியான இரண்டாவது ஆய்வு வயதை மாற்றிப் பார்த்தது. ஆறு மாதமான, வேகமான வளர்ச்சி ஓய்ந்த எலிகளுக்குக் குறைந்த அளவில் தொடங்கியபோது, 20 மாதம் தொடர்ந்து கொடுத்தும் புற்று வரவில்லை. அளவையும் கூட்டி, காலத்தையும் நீட்டியபோதுதான் வந்தது. பிறகு மருந்து எடுத்துக்கொண்ட மனிதர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்தும் எலும்புப் புற்று கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2020-ல் அந்தப் பெட்டி எச்சரிக்கை நீக்கப்பட்டது. நடுவே போன 18 ஆண்டுகளில் அந்த எச்சரிக்கையைப் படித்துப் பயந்து மருந்தை மறுத்த முதியவர்கள் இருந்திருப்பார்கள். எச்சரிக்கை வைத்தது தவறு என்று சொல்ல மாட்டேன். கையில் இருந்த தகவலுக்கு அதுதான் பொறுப்பான முடிவு. ஆனால் வளரும் எலிக்குட்டியின் எலும்பிலிருந்து எழுபது வயதுப் பெண்ணின் எலும்புக்குத் தாவ நேர்ந்ததால் வந்த வினை அது. முதல் சோதனையோடே முதிர்ந்த எலிகளின் குழு ஒன்றும் இருந்திருந்தால், அச்சத்தின் அளவு முதல் நாளே வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது கதை ரோமோசோசுமாப். எலும்புக் கட்டுமானத்துக்குக் கடிவாளம் போடும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை அடக்கும் மருந்து இது. 2009-ல் வெளியான இதன் அடிப்படை ஆய்வில், ஆறு மாத எலிகளின் சினைப்பையை அகற்றிவிட்டு, உடனே மருந்து கொடுக்காமல் ஒரு முழு ஆண்டு காத்திருந்தார்கள். எலும்பு கரைய வேண்டிய அளவுக்குக் கரைந்து, எலிக்கும் ஒன்றரை வயதான பிறகே ஸ்கிளிரோஸ்டினை அடக்கும் ஊசியைப் போட்டார்கள். ஐந்து வாரத்தில் இழந்தது மீண்டது. அடுத்த ஆண்டே 16 மாத ஆண் எலிகளிலும் இதைச் சோதித்து, அங்கும் எலும்பின் அளவும் வலுவும் கூடுவதைக் காட்டினார்கள். 2019-ல் அந்த மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. முதிய எலிகளோடு வேலை செய்ய முடியாது, சந்தைக்குப் போக நேரமாகிவிடும் என்று சொல்வோர், லாபக் கணக்குப் பார்க்கும் நிறுவனமே ஓராண்டு எலியோடு காத்திருந்ததைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு எதிராக எழும் கேள்விகளில் வலுவானது இது: எலி கிழடானாலும் எலிதானே? அதற்கு மாதவிடாய் நிற்பது என்று ஒன்று கிடையாது. நடுவயதில் சுழற்சி ஒழுங்கு தவறி, ஈஸ்ட்ரோஜன் மெல்ல மாறுகிறதே தவிர மனிதப் பெண்ணுக்குப் போல் அறுபட்டு நிற்பதில்லை. நான்கு காலில் நடக்கிறது. எலும்பு எவ்வளவு மெலிந்தாலும் மனிதரைப் போல் தானாக முறிந்து விழுவதில்லை. எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் குறைகள் அத்தனையும் இளம் எலிக்கும் பொருந்தும்; முதிய எலியை ஒதுக்க இவை காரணமாகா. தவிர, மாதவிடாய் நிற்பது எலிக்கு இல்லை என்பது இங்கே குறையே அல்ல, வசதி. ஈஸ்ட்ரோஜன் அறுபடாத உடலில் வயது மட்டும் எலும்பை எவ்வளவு தின்கிறது என்று தனியாகப் பார்க்க அது வழிவிடுகிறது. மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் சுண்டெலிகளிலும் மனிதர்களிலும் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு இப்படிப் பிரித்துப் பார்த்ததன் பலன்தான். செல்கள் மூப்படைந்து அப்படியே தங்கிவிடுவதும் ஈஸ்ட்ரோஜன் குறைவும் ஒன்றையொன்று சாராமல் எலும்பைக் கெடுக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். மூத்த செல்களை நீக்கினால் முதிய சுண்டெலியின் எலும்பு காக்கப்பட்டது. சினைப்பை அகற்றிய இளம் சுண்டெலியில் அதே உத்தி பலிக்கவில்லை. சினைப்பை அகற்றிய விலங்கை மட்டும் நம்பியிருந்தால் அந்த வழியே கண்ணில் பட்டிருக்காது.

எதிர்த்தரப்பு இங்கே என்னை மடக்கலாம்: மூத்த செல்களை நீக்கும் மருந்துக் கூட்டு மனிதப் பெண்களிடம் என்ன ஆனது? 2024-ல் வெளியான பரிசோதனையில் 60 பெண்கள் பங்கேற்றார்கள். 20 வாரத்தில் எலும்புக் கரைவின் அளவுகோல் குறையவில்லை. கட்டுமானத்தைக் காட்டும் அளவுகோல் மட்டும் தொடக்க வாரங்களில் கொஞ்சம் எழும்பித் தணிந்தது. உண்மைதான். முதிய விலங்கில் பலித்தால் மனிதரிடம் பலித்தே தீரும் என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். முதிய விலங்கு தரும் பலன் வேறு. எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அந்தக் கேள்விக்கு விடை தரும் விலங்கு அது. தவறினாலும் சரியான இடத்தில் தவறும்.

இன்னொரு ஆட்சேபத்தை லேசில் தள்ளிவிட முடியாது. 'இயல்பான முதுமை' என்று நாம் சொல்வது கூண்டில் வளர்ந்த எலிக்கு உண்மையில் இயல்பானதா? டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1980-களில் நடந்த ஆய்வுகள் இதை அம்பலப்படுத்தின. விரும்பிய அளவு தின்னவிட்ட ஃபிஷர் 344 ஆண் எலிகளுக்கு ஆயுளின் கடைசிக் கட்டத்தில் எலும்பு வேகமாகக் கரைந்தது. கூடவே பாராதைராய்டு ஹார்மோன் தாறுமாறாக ஏறியிருந்தது. காரணம் தேடிப் போனால் சிறுநீரகம். அந்த இனத்து எலிகளுக்கு வயதில் சிறுநீரகம் பழுதாகும். பழுதான சிறுநீரகம் ஹார்மோனை ஏற்றும். ஹார்மோன் எலும்பைக் கரைக்கும். உணவை 40 சதவீதம் குறைத்து வளர்த்த எலிகளின் எலும்பு சிறியதாகவே இருந்தது, ஆனால் கடைசிக்கால இழப்பு அவற்றுக்கு நேரவில்லை. பால் புரதத்துக்குப் பதில் சோயா புரதம் கொடுத்தபோதும் சிறுநீரகம் தேறியது, எலும்பும் தப்பியது. அப்படியானால் அந்த எலிகளிடம் பார்த்தது முதுமையையா, தீனியையா? 2010-ல் வேறொரு குழு இதைப் பச்சையாகவே எழுதியது: தட்டு நிறையத் தீனியும் அசையாத வாழ்வுமாக வளரும் 'சாதாரண' ஆய்வக எலிகள் உண்மையில் நோயாளிகள். 2016-ல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம், சாதாரண அறை வெப்பத்தில் வளரும் பெண் சுண்டெலிகள் குளிர் தாங்க உழைத்து உழைத்தே இளமையில் எலும்பை இழக்கின்றன என்று கண்டது. கூண்டின் வெப்பமானிகூட எலும்பின் விதியை எழுதுகிறது.

இதைப் படித்துவிட்டு முதிய எலி ஒரு குழப்பப் பொதி, விட்டுவிடலாம் என்று முடிவெடுப்போர் உண்டு. நான் எதிர் முடிவுக்கு வருகிறேன். மனிதரின் முதுமையும் இப்படித்தான் இருக்கிறது. எழுபது வயதில் சுத்தமான எலும்பு மெலிவு என்று எதுவும் தனியாக வருவதில்லை; சர்க்கரை நோயோடும் தளர்ந்த சிறுநீரகத்தோடும் பிற நோய்களுக்குப் போட்ட ஸ்டீராய்டு மாத்திரைகளோடும் கூட்டாகத்தான் வருகிறது. சான் அன்டோனியோ எலிகள் சிறுநீரகம் வழியாக எலும்பு கரைவதைக் காட்டியது சோதனையின் தோல்வி அல்ல; எலும்பு மருத்துவர் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும் என்ற கண்டுபிடிப்பு. சினைப்பை அகற்றிய இளம் எலியிடமிருந்து அந்தச் செய்தி வந்திருக்கவே முடியாது. செய்ய வேண்டியது, தீனியை அளந்து கொடுப்பது, ஒரே இனத்தை நம்பாமல் ஃபிஷர் 344 எலியோடு பிரவுன் நார்வே இனத்தைக் கலந்த நீடாயுள் எலியையும் வைத்துக்கொள்வது, செத்த எலியையும் கணக்கில் சேர்ப்பது. கடைசியாகச் சொன்னது சிறு விஷயம் போலத் தோன்றினாலும் முக்கியமானது. ஃபிஷர் எலிகளின் சராசரி ஆயுளே ஏறத்தாழ 24 மாதம். 28 மாதத்தில் உயிரோடு இருப்பவை வலுவானவை மட்டுமே. அவற்றின் எலும்பை அளந்து முதுமை எலும்பை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்று எழுதினால் அது கேலிக்கூத்து.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினைப்பை அகற்றிய எலியை மையமாக வைத்த துறையில் ஆண் எலும்பு ஓர் அடிக்குறிப்பாகவே இருந்துவந்திருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஆண், பெண் இரு பால் விலங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற கொள்கையை 2016-ல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. வயதுக்கு அப்படியொரு நிபந்தனை இன்னும் எங்கும் அழுத்தமாக வரவில்லை.

பணமும் நேரமும் மிச்சமிருக்கும் ஆட்சேபங்கள். எலி ஒன்று நாளைக்கு 15 முதல் 20 கிராம் தீனி தின்னும். நூறு எலியை இரண்டு ஆண்டு வளர்த்தால் தீனி மட்டும் ஒரு டன்னைத் தாண்டும். கூண்டு, ஆள், மின்சாரம், நடுவில் இறப்பவை தனி. இரண்டு ஆண்டு உயிர் வாழவிடுவதே விலங்குக்குக் கூடுதல் துன்பம் அல்லவா என்றும் கேட்கிறார்கள். மறுக்க முடியாத கேள்வி. ஆனால் தவறான வயதில் நூறு எலிகளைக் கொன்று பொருந்தாத விடை பெறுவது எந்த விலங்கு நேயத்தில் சேரும்? வீணாகும் சோதனையில் சாகும் எலியே மிகக் கொடிய செலவு. தவிர, ஒவ்வோர் ஆய்வாளரும் தானே எலி வளர்த்துக் கிழமாக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தேசிய முதுமை நிறுவனம் முதிய எலி, சுண்டெலிகளைக் கூட்டாக வளர்த்து, வேண்டிய வயதில் ஆய்வாளர்களுக்கு வழங்கிவருகிறது. ஒரே எலியின் எலும்பு, மூளை, இதயம், தசை என்று நான்கு குழுக்கள் பகிர்ந்துகொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இந்தியாவில் சிக்கல் எலியில் இல்லை, மானியத்தின் நாட்காட்டியில் இருக்கிறது. வழக்கமான ஆய்வுத் திட்டத்துக்கு மூன்று ஆண்டு. எலி இரண்டு வயதாவதற்குள் மானியக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்; ஆய்வு மாணவருக்குப் பட்டம் தள்ளிப்போகும். எனவே மூன்று மாத எலியும் முப்பது நாள் அறுவை சிகிச்சையும் தவிர்க்க முடியாத தேர்வாகிவிடுகின்றன. 2011 கணக்கெடுப்பிலேயே 60 வயது கடந்தோர் நாட்டில் 10 கோடிக்கு மேல். தமிழகத்தில் பத்தில் ஒருவர். இவர்களுக்கான எலும்பு ஆய்வை விடலைப் பருவ எலியிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு ஆய்வக எலிகளை இனம் பேணி வளர்ப்பதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. முதிய எலிகளை நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு மலிவாக வழங்கும் பொறுப்பை அதனிடம் கொடுக்கலாம். பன்னாட்டு ஏரைவ் நெறிமுறைகள் 2010 முதல் விலங்கின் இனம், பால், வயதை அறிக்கையில் எழுதச் சொல்கின்றன; அந்த வயதைக் கட்டுரையின் முதல் வரியிலேயே போட நம் ஆய்விதழ்களும், எலி ஆய்வைச் செய்தியாக்கும் பத்திரிகைகளும் முன்வர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரி தொழில்நுட்பத் துறையும் முதிய விலங்கு ஆய்வுகளுக்கு மட்டுமாவது மானியக் காலத்தை ஐந்து ஆண்டாக்க வேண்டும்.